வீதி இல்லாத இடத்துக்கும் விலாசம் உண்டு: திருகோணமலை வரைபடத்தில் கட்ட எண் வாசிப்பது எப்படி

திருகோணமலையில் இடம் சொல்லக் கட்டைக் கணக்கு ஒன்று உண்டு; கட்டை என்றால் வீதியோர மைல்கல். மூன்றாம் கட்டை, நாலாம் கட்டை, ஆறாம் கட்டை என்று சொன்னால் ஊர்க்காரருக்கு விளங்கிவிடும். புதிதாக மாற்றலாகி வந்த உத்தியோகத்தருக்கும் நிவாரண வேலைக்கு வந்த தொண்டருக்கும் முதல் நாளே தலை சுற்றும். எந்த வீதியின் கட்டை? கண்டி வீதியா, நிலாவெளி வீதியா? அதுகூடப் பரவாயில்லை, கேட்டுத் தெளியலாம். வீதியே போகாத இடத்தை எப்படிச் சொல்வது? கன்னியாவுக்கு அப்பால் பற்றைக்குள் கிடக்கும் ஒரு குளக்கட்டு, தம்பலகாமம் வயல்வெளியில் ஒரு மதகு, கொட்டியாரக் குடாக் கரையில் ஒரு மீன் வாடி. இவற்றுக்கு வீட்டிலக்கம் கிடையாது. ஆனால் வரைபடத்தில் ஓர் எண் உண்டு.

அந்த எண்ணை எடுப்பதும், இன்னொருவர் அனுப்பிய எண்ணை வைத்து இடத்தைப் பிடிப்பதும் ஒரு பின்னேரத்தில் பழகிவிடக்கூடிய வேலை. கணக்கு என்று பயப்படத் தேவையில்லை; இரண்டால் வகுக்கத் தெரிந்தால் போதும். பாடசாலையில் புவியியல் எடுத்தவர்கள் ஆள்கூறு என்ற பெயரில் இதை ஏற்கெனவே பார்த்திருப்பார்கள். இங்கே கட்ட எண் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

தாளும் அடிமட்டமும்

நமக்கு வேண்டியது நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 இடவிளக்கப் படத்தில் திருகோணமலை நகரும் துறைமுகமும் வரும் தாள். கொழும்பு நாரஹேன்பிட்டி கிருள வீதியிலுள்ள திணைக்களத் தலைமையகத்தில் வரைபடங்கள் விற்கிறார்கள். அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் முதலில் மாவட்ட நில அளவை அலுவலகத்தில் விசாரித்துப் பார்க்கலாம். போட்டோக் கொப்பி எடுத்துப் பழகுவதாயிருந்தால் கவனம்: இயந்திரம் கொஞ்சம் சுருக்கியோ பெருக்கியோ எடுத்துவிடும், அப்புறம் நீங்கள் அளக்கும் மில்லிமீற்றர் எல்லாம் பொய்யாகிவிடும். கொப்பியில் கட்டத்தின் ஒரு பக்கம் சரியாக 2 சென்றிமீற்றர் இருக்கிறதா என்று அளந்து பார்த்துவிட்டே தொடங்குங்கள்.

கூடவே ஓர் அடிமட்டம், கூரான பென்சில், பழைய கலியாணக் காட் ஒன்று. காட் எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

போனில் தொடங்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். போன் எண்ணைத் தரும். அந்த எண் எதிலிருந்து எண்ணப்பட்டது என்பதை நீங்களாகத் தேடினால்தான் காட்டும். அந்த அடிப்படை தெரியாமல் போன் எண்ணையும் தாள் எண்ணையும் கலந்தடிப்பவர்கள்தான் அதிகம் தொலைகிறார்கள்.

விளிம்பை முதலில் வாசியுங்கள்

தாளை விரித்தவுடன் எல்லோரும் தங்கள் வீட்டைத் தேடுவார்கள். தேடுங்கள், ஆசை தீரட்டும். அதன் பிறகு தாளின் விளிம்புக்கு வாருங்கள். அளவுத்திட்டம், தாளின் பெயரும் இலக்கமும், பதிப்பு ஆண்டு, கட்டக் கோடுகள் எந்த முறையில் வரையப்பட்டவை என்ற குறிப்பு எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. இந்த நான்கையும் ஒரு கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள்.

1:50,000 என்றால் தாளில் 2 சென்றிமீற்றர் நிலத்தில் ஒரு கிலோமீற்றர். தாளில் 1 மில்லிமீற்றர் நிலத்தில் 50 மீற்றர். இந்த இரண்டும் மனதில் இருந்தால் மீதியெல்லாம் தானாக வரும்.

தாள் முழுவதும் நிலைக்குத்தாகவும் கிடையாகவும் மெல்லிய கோடுகள் ஓடும். ஒன்றுக்கொன்று ஒரு கிலோமீற்றர் தள்ளி. நிலைக்குத்துக் கோட்டின் எண், நீங்கள் எவ்வளவு கிழக்கே இருக்கிறீர்கள் என்பதைச் சொல்கிறது. கிடைக்கோட்டின் எண் எவ்வளவு வடக்கே என்பதைச் சொல்கிறது. எங்கேயிருந்து கிழக்கு, எங்கேயிருந்து வடக்கு? இலங்கையின் கட்டத்துக்கு மையம் பிதுருதலாகலை. நாட்டிலேயே உயர்ந்த அந்த மலையுச்சிக்குச் சுழியம் கொடுத்திருந்தால் மேற்கேயும் தெற்கேயும் உள்ள ஊர்களுக்கெல்லாம் மறை எண் வந்திருக்கும். அதனால் அந்த உச்சிக்கே கிழக்கு 200,000 மீற்றர், வடக்கு 200,000 மீற்றர் என்று எண் கொடுத்துவிட்டார்கள். தீவின் எந்த மூலைக்குப் போனாலும் எண் சுழியத்துக்குக் கீழே இறங்காது.

திருகோணமலை நகரம் பிதுருதலாகலையிலிருந்து கிழக்கே ஏறக்குறைய 50 கிலோமீற்றர், வடக்கே ஏறக்குறைய 174 கிலோமீற்றர். ஆகவே நகருக்குக் கிழக்கு எண் 250,000 பக்கமும் வடக்கு எண் 374,000 பக்கமும் வரும். இதைக் கிலோமீற்றராகச் சுருக்கினால் 250, 374. அதிலும் கடைசி இரண்டு இலக்கத்தை மட்டும் எடுத்தால் 50, 74. கட்ட எண்ணில் நாம் கையாளப்போவது இந்தக் கடைசி இரண்டு இலக்கத்தைத்தான்.

நாலு இலக்கம்

ஒரு கட்டத்துக்குப் பெயர் அதன் இடது கீழ் மூலை, அதாவது தென்மேற்கு மூலை. அந்த மூலையில் சந்திக்கும் இரண்டு கோடுகளின் எண்களைக் கிழக்கு முதலில், வடக்கு அடுத்து என்று சேர்த்து எழுதினால் முடிந்தது. நிலைக்குத்துக் கோடு 50, கிடைக்கோடு 73 என்றால் கட்டம் 5073. நகரின் நடுப்பகுதி இந்தக் கட்டத்தை ஒட்டித்தான் வரும். உங்கள் தாளில் விரலை வைத்துப் பாருங்கள்.

எது முதலில் என்பது குழம்பும். தேங்காய் பறிக்கப் போகிறவர் மரத்தடிக்கு நடந்து போய்த்தானே மேலே ஏறுவார்? அதே வரிசை. முதலில் குறுக்கே, பிறகு மேலே. மாற்றி எழுதினால் 5073 என்பது 7350 ஆகிவிடும். அது பல கிலோமீற்றர் தள்ளி வேறு இடம்.

நாலு இலக்கம் ஒரு சதுர கிலோமீற்றரைத்தான் காட்டும். கந்தளாய்க் குளம் எங்கே என்று கேட்பவருக்கு அது தாராளமாகப் போதும். ஒரு மதகைத் தேடுபவருக்குப் போதாது.

ஆறு இலக்கம், கலியாணக் காட்டோடு

கட்டத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் பத்தாகப் பிரித்தால் ஒரு பங்கு 100 மீற்றர். தாளில் அது 2 மில்லிமீற்றர். உதாரணத்துக்கு ஒரு சந்தியை எடுத்துக்கொள்வோம். அடிமட்டத்தால் அளந்தபோது அது 50 என்ற நிலைக்குத்துக் கோட்டிலிருந்து வலப்பக்கம் 14 மில்லிமீற்றர் தள்ளியும், 73 என்ற கிடைக்கோட்டிலிருந்து மேலே 6 மில்லிமீற்றர் தள்ளியும் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 14ஐ இரண்டால் வகுத்தால் 7. 6ஐ வகுத்தால் 3. கிழக்கு 507, வடக்கு 733. சேர்த்து எழுதினால் 507733. அவ்வளவுதான்.

15 மில்லிமீற்றர் வந்தால்? வகுத்தால் ஏழரை. எட்டு என்று ஏற்றிவிடக் கை துடிக்கும். வேண்டாம், ஏழு என்றே எழுதுங்கள். கட்டத்தைப் போலவே இந்தக் குட்டிக் கட்டத்துக்கும் பெயர் அதன் தென்மேற்கு மூலைதான், ஆகவே எப்போதும் கீழே இறக்கித்தான் எழுத வேண்டும்.

ஒவ்வொரு முறையும் இரண்டு தடவை அளப்பது சலிப்பாக இருக்கும். இப்போது கலியாணக் காட்டை எடுங்கள். மூலை செங்கோணமாக இருக்கும்படி ஒரு துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். அதன் வலது மேல் மூலையிலிருந்து மேல் விளிம்பில் இடப்பக்கமாக 2 மில்லிமீற்றருக்கு ஒரு கோடு வீதம் பத்துக் கோடு போட்டு 1 முதல் 10 வரை எண்ணிடுங்கள். அதே மூலையிலிருந்து வலது விளிம்பில் கீழ்நோக்கி இன்னொரு பத்து. இனி அந்த மூலையை உங்களுக்கு வேண்டிய புள்ளியில் வைத்து, விளிம்புகள் கட்டக் கோடுகளுக்கு நேராக இருக்கும்படி பிடித்துக்கொள்ளுங்கள். இடப்பக்கமுள்ள நிலைக்குத்துக் கோடு மேல் விளிம்பை எந்த எண்ணில் வெட்டுகிறதோ அது கிழக்குப் பங்கு. கீழேயுள்ள கிடைக்கோடு வலது விளிம்பை வெட்டும் எண் வடக்குப் பங்கு. இதே வேலைக்குப் பிளாஸ்ரிக்கில் செய்த கருவி உண்டு. இந்த அட்டையும் அதே வேலையைச் செய்யும், தொலைந்தாலும் கவலையில்லை.

1:10,000 தாளுக்கு இந்த அட்டை உதவாது என்பதை மறக்க வேண்டாம். அதில் ஒரு கிலோமீற்றருக்கு 10 சென்றிமீற்றர், 100 மீற்றருக்கு 1 சென்றிமீற்றர். அதற்கு வேறு அட்டை வெட்டுங்கள்.

எண்ணிலிருந்து இடத்துக்கு வருவது இதையே தலைகீழாகச் செய்வது. 507733 வந்தால் நடுவில் வெட்டுங்கள்: 507, 733. ஒவ்வொன்றின் கடைசி இலக்கத்தைத் தனியே வையுங்கள்: 50ம் 7ம், 73ம் 3ம். முதலில் 5073 கட்டத்தைப் பிடியுங்கள். அதற்குள் வலப்பக்கம் ஏழு பங்கு, மேலே மூன்று பங்கு. பழகும்போது ஒருவர் எண்ணைச் சொல்ல மற்றவர் அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று சொல்வது நல்ல வழி. கோணேசர் கோயில், கன்னியா வெந்நீரூற்று, கிண்ணியாப் பாலத்தின் ஒரு முனை, புறாமலை என்று தாளில் சந்தேகமில்லாமல் தெரியும் இடங்களாகத் தொடங்குங்கள். உங்கள் தாளின் எல்லைக்கு வெளியே போவது எதுவோ அதை விட்டுவிடுங்கள். திருகோணமலைக் கரையோரம் இந்தப் பயிற்சிக்கு நன்றாக உதவும். ஒவ்வொரு முனையும் குடாவும் வெவ்வேறு வடிவம் என்பதால், பிழையான கட்டத்துக்குப் போனால் கண்ணே காட்டிக்கொடுத்துவிடும். கந்தளாய்ப் பக்கத்து வயல்வெளியில் அந்த உதவி கிடைக்காது.

எட்டு இலக்கம் எழுதிப் பார்க்கும் ஆசை சிலருக்கு வரும். எட்டு இலக்கம் என்றால் 10 மீற்றர். 1:50,000 தாளில் அது 0.2 மில்லிமீற்றர். உங்கள் பென்சில் கோடே அதைவிடத் தடிப்பு. தாளில் அளந்து எட்டு இலக்கம் கொடுப்பவரின் கடைசி இலக்கங்களை நான் நம்புவதில்லை.

ஒரே எண், வேறு ஊர்

கடைசி இரண்டு இலக்கத்தை மட்டும் எடுத்ததால் ஒரு வினை உண்டு. 100 கிலோமீற்றருக்கு ஒரு தடவை அதே எண் திரும்ப வரும். நகருக்குள் இருக்கும் 507733 என்ற அதே எண் மேற்கே 100 கிலோமீற்றரில், செட்டிகுளத்துக்குத் தெற்கேயும் இருக்கிறது. தெற்கே 100 கிலோமீற்றரில், மாதுறு ஓயா நீர்த்தேக்கப் பக்கத்திலும் இருக்கிறது. அதனால்தான் விளிம்பிலிருந்து தாளின் பெயரையும் இலக்கத்தையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன். தாளின் பெயர் சொல்லாமல் ஆறு இலக்கம் மட்டும் வந்தால் அனுப்பியவரைத் திருப்பிக் கேளுங்கள்.

எண்ணின் முகத்தைப் பாருங்கள்

உண்மையான தலையிடி இங்கேதான் தொடங்குகிறது. ஒரே திருகோணமலை நகருக்குக் குறைந்தது நாலு விதமான எண் புழக்கத்தில் இருக்கிறது. முகத்தைப் பார்த்தே எது எந்தக் குடும்பம் என்று சொல்லப் பழகிவிட்டால் பாதிப் பிழைகள் வராது.

கிழக்கு 250,000 பக்கம், வடக்கு 374,000 பக்கம் என்றால் அது மேலே பார்த்த பழைய இலங்கைக் கட்டம். கண்டவளை முறை என்பதும் இதைத்தான். நீர்கொழும்புக்கு அருகிலுள்ள கண்டவளையின் பெயர் அது.

கிழக்கு 550,000 பக்கம், வடக்கு 674,000 பக்கம் என்றால் 1999ஆம் ஆண்டின் புதிய கட்டம். மையம் அதே பிதுருதலாகலைதான். ஆனால் அந்த உச்சிக்கு 200,000க்குப் பதிலாக 500,000 கொடுத்திருக்கிறார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் சரியாக 300 கிலோமீற்றர் என்பதால், கடைசி இரண்டு கிலோமீற்றர் இலக்கம் இரண்டிலும் ஒன்றாகவே வரும். ஆறு இலக்க எண் எழுதுபவருக்கு இது பெரிய நிம்மதி: பழைய தாளில் 507733 ஆக இருக்கும் சந்தி புதிய தாளிலும் நடைமுறையில் அதே 507733தான். முழு எண்ணாக எழுதும்போதுதான் எந்த முறை என்று சொல்லியாக வேண்டும். கணினியில் வரைபட மென்பொருள் பயன்படுத்துபவர்களுக்கு: பழைய கட்டத்தின் ஈபிஎஸ்ஜி (EPSG) இலக்கம், அதாவது மென்பொருள் அந்த முறையை அடையாளம் காணும் எண், 5234; புதியதன் இலக்கம் 5235.

கிழக்கு 525,000 பக்கம், வடக்கு 947,000 பக்கம் என்றால் உலகம் முழுவதற்கும் பொதுவான யூடிஎம் முறை. இதன் கிழக்கு எண் புதிய இலங்கைக் கட்டத்தின் எண்ணுக்குக் கிட்ட வருவதால் ஏமாற இடமுண்டு. வடக்கு எண்ணைப் பார்த்தால் உடனே பிடிபடும். கூடவே 44பி (44P) என்று வலய இலக்கமும் எழுத்தும் இருக்கும். 8 பாகை அகலக்கோட்டுக்கு வடக்கே பி (P), தெற்கே என் (N). திருகோணமலை மாவட்டம் முழுவதும் 44பி. கொழும்புக்குப் போகும் வழியில் ஹபரணையைத் தாண்டிக் கொஞ்சம் தெற்கே இறங்கினால் எழுத்து என் ஆக மாறிவிடும். போனில் வேலை செய்யும் சில செயலிகள் இராணுவ முறையில் 44பி என்கியூ 25 47 என்பதுபோலக் காட்டும். அதுவும் யூடிஎம்தான், முன் இலக்கத்துக்குப் பதில் எழுத்து.

நாலாவது, எல்லோர் போனிலும் இருப்பது: 8.57, 81.23 என்ற அகலக்கோடு, நெடுங்கோடு.

போன் எண்ணில் மூன்று பள்ளம்

கூகுள் வரைபடத்தில் ஓர் இடத்தை அழுத்திப் பிடித்தால் இந்த எண் வரும். முதலாவது பள்ளம் வரிசை. கட்ட எண்ணில் கிழக்கு முதலில். இங்கே வடக்கு முதலில். மாற்றி 81, 8 என்று தட்டினால் போன் உங்களை வட துருவத்துப் பனிக்கடலுக்குக் கூட்டிக்கொண்டு போகும். அது நல்லது, ஏனென்றால் பிழை உடனே தெரிந்துவிடும்.

இரண்டாவது பள்ளம் அப்படித் தெரியாது. நகரின் இருப்பிடம் 8 பாகை 34 நிமிடம் வடக்கு, 81 பாகை 14 நிமிடம் கிழக்கு. இதை அப்படியே 8.34, 81.14 என்று எழுதுபவர்கள் ஏராளம். ஒரு பாகைக்கு 60 நிமிடம். 34ஐ 60ஆல் வகுத்தால் 0.567, சரியான எண் 8.567. 14ஐ வகுத்தால் 0.233; ஆகவே 81.233. பிழையாக எழுதிய எண் உங்களை 25 கிலோமீற்றர் தெற்கே, கந்தளாய்க்கும் சேருவிலவுக்கும் இடையில் எங்கேயோ கொண்டுபோய் விடும். அங்கேயும் நிலம் இருக்கிறது, மனிதர் இருக்கிறார்கள், ஆகவே சந்தேகம் வராது. கடலுக்குப் போகிறவர்களின் ஜிபிஎஸ்ஸில் நிமிடத்தையே தசமமாக வைத்திருப்பார்கள்: 8 பாகை 34.5 நிமிடம் என்று. கடலில் அதற்குக் காரணம் உண்டு. அகலக்கோட்டில் ஒரு நிமிடம் ஏறக்குறைய ஒரு கடல் மைல், 1852 மீற்றர். ஆனால் 34.5 என்பது 34 நிமிடம் 50 விநாடி அல்ல, 34 நிமிடம் 30 விநாடி. ஒருவர் கடலில் குறித்த புள்ளியைப் போனுக்கு மாற்றும்போது இதைக் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

மூன்றாவது பள்ளம் ஆழமானது. போன் கணக்கிடும் பூமியின் வடிவமும் பழைய கண்டவளைத் தாள் வரையப்பட்ட பூமியின் வடிவமும் ஒன்றல்ல. போன் தந்த அகலக்கோடு நெடுங்கோட்டை, மாற்றாமல் அப்படியே அந்தத் தாளின் அகலக்கோடு நெடுங்கோட்டில் குறித்தால் புள்ளி ஏறக்குறைய 200 மீற்றர் கிழக்கே தள்ளிப்போகும். கண்டியில் 200 மீற்றர் என்றால் அடுத்த தெரு. கிழக்கே கடல் இருக்கும் திருகோணமலையில், டச் குடாக் கரையில் நிற்பவரை அது தண்ணீருக்குள் இறக்கிவிடும். இதற்கு மருந்து எளிது: எண்ணை நீங்களாக மாற்ற முயலாமல், முறையைத் தெரிவுசெய்யும் வசதியுள்ள மென்பொருளில் உள்ளிடும் முறையையும் வேண்டிய முறையையும் சரியாகக் குறித்து மாற்றுங்கள். மாற்றி வந்த எண்ணைத் தாளில் தெளிவாகத் தெரியும் ஓர் இடத்தில், கோட்டை வாசல் போன்ற ஒன்றில், ஒரு தடவை ஒத்துப்பாருங்கள்.

அனுப்பும்போது

எண்ணை இன்னொருவருக்குச் சொல்லும்போது தனியே எண்ணை மட்டும் அனுப்ப வேண்டாம். எந்தத் தாள் அல்லது எந்த முறை, எண், அந்த இடத்தின் அடையாளம் ஒன்று. அடையாளம் ஏன் என்றால், ஓர் இலக்கம் தவறினாலும் கேட்பவருக்கு உறைக்கும். “மதகு” என்று சொன்ன இடத்தில் தாளில் மலை இருந்தால் திருப்பிக் கேட்பார். வாயால் சொல்வதாயிருந்தால் ஐம்பது, எழுபத்து மூன்று என்று சேர்த்துச் சொல்லாமல் ஐந்து, பூச்சியம், ஏழு என்று ஒவ்வோர் இலக்கமாகச் சொல்லி, மறுபக்கத்தில் இருப்பவரைத் திருப்பிச் சொல்ல வையுங்கள். 1990 என்ற இலக்கத்தில் அம்பியூலன்ஸை அழைக்கும் அவசரத்தில் கட்ட எண் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். அங்கே வீதி, ஊர், அருகிலுள்ள கோயில் அல்லது பாடசாலை, இயலுமானால் போன் காட்டும் அகலக்கோடு நெடுங்கோடு.

களவேலைக்கு அனுப்பும் செய்தி இப்படி இருந்தால் போதும்:

“1:50,000, திருகோணமலை நகர் வரும் தாள், பழைய இலங்கைக் கட்டம். கிழக்கு 507, வடக்கு 733. நாற்சந்தி. தாளில் அளந்தது, 100 மீற்றர் அளவுக்குச் சரி.”

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். எவ்வளவு துல்லியம் என்று தெரிந்தால்தான் போகிறவர் அந்தப் புள்ளியிலேயே நின்று தேடுவதா, சுற்றுவட்டாரம் முழுக்கத் தேடுவதா என்று முடிவெடுக்க முடியும்.